அரசர் குடிக்கும் துறை

ஒரு காட்டில் ஓர் ஏரி இருந்தது, பிள்ளைகளே. அதற்குத் துறைகள் இரண்டு, தண்ணீர் மட்டும் ஒன்றே ஒன்று. அப்படித்தான் அந்தக் காட்டில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள், ஒரு வாலாட்டிக் குருவியைத் தவிர.

கிழக்குத் துறையில் பாறைப் படிகள் உண்டு. மலையிலிருந்து வரும் ஊற்று அங்கேதான் ஏரியில் விழும். புலியரசர் அங்கேதான் தண்ணீர் குடிப்பார். அவர் குடிக்கும் இடத்தில் மற்றவர்களுக்கு என்ன வேலை? ஆகவே மானும் முயலும் கீரியும் காட்டுக்கோழியும் மேற்குத் துறையில் குடித்தன. அங்கே படியும் கிடையாது, பாறையும் கிடையாது. கணுக்கால்வரை சேறுதான்.

வாலாட்டி மேற்குத் துறைக்காரி. கரையோரப் பாறை இடுக்கில் அவள் கூடு, கூட்டில் இரண்டு குஞ்சுகள். அவளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கறுப்பும் வெள்ளையுமாக இருப்பாள். ஓரிடத்தில் நிற்க மாட்டாள். நாலடி ஓடுவாள், வாலை மேலும் கீழும் ஆட்டுவாள், மறுபடி ஓடுவாள். "உனக்கென்ன, காலில் சக்கரமா?" என்று காடே அவளைக் கேலி செய்யும். அவள் என்ன செய்வாள், பாவம்? பிறவி அப்படி.

ஆனால் அந்த வருடம் அவளுக்கு இருப்புக்கொள்ளாமல் போனதற்கு வேறு காரணம் இருந்தது.

சித்திரையில் வரவேண்டிய மழை வரவில்லை. வைகாசியும் ஏமாற்றிவிட்டது. ஆனி பிறந்தும் மேகத்தைக் காணோம். ஊற்று நூல்போல ஒழுகியது. ஏரி சுருங்கிக்கொண்டே வந்தது. மற்ற வருடங்களில் நிறைந்து வழிந்து மேற்குக் கரை மடை வழியாக ஓடிப்போகும் தண்ணீர், இந்த வருடம் போக வழியில்லாமல் அப்படியே தேங்கிக் கிடந்தது.

மழை ஏமாற்றினாலும் இலுப்பை மரங்கள் ஏமாற்றவில்லை. கிளை கொள்ளாமல் காய்த்தன. இலுப்பை காய்த்தால் சடையனுக்குக் கொண்டாட்டம்.

சடையன் ஒரு கரடி. மேற்குக் கரையில் அவனுக்கு ஒரு செக்கு இருந்தது. இலுப்பைக் கொட்டையைக் கொட்டி, மாட்டுக்குப் பதில் தானே தோள்கொடுத்துச் சுற்றி எண்ணெய் ஆட்டுவான். அந்த எண்ணெயில்தான் காட்டில் குகைக்குக் குகை விளக்கு எரிந்தது. அவனுக்குத் தாராளமான கை. கேட்டவர்களுக்கெல்லாம் ஊற்றுவான். "சடையண்ணன் இருக்கிற வரைக்கும் நமக்கு இருட்டுப் பயம் இல்ல" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அவனுக்குச் சாப்பிடாமலே வயிறு நிறைந்துவிடும்.

சரி, எண்ணெய் எடுத்தபின் புண்ணாக்கு மிஞ்சுமே, அதை என்ன செய்வான்? கூடை கூடையாக வாரி ஏரியில் கொட்டுவான். கையைத் தட்டிவிட்டுக்கொண்டு மறுபடி செக்கைச் சுற்றப் போய்விடுவான்.

ஒருநாள் காலையில் வாலாட்டி துறைக்கு வந்தபோது கரையெல்லாம் நுரையாக இருந்தது. துணி துவைத்த இடம் மாதிரி வெள்ளை வெளேரென்று நுரை. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பிறகு சில மீன்கள் மூடவில்லை.

வாலாட்டி இந்தப் பக்கம் ஓடினாள், அந்தப் பக்கம் ஓடினாள். தட்டானைக் காணோம். தண்ணீர்மேல் வழுக்கி ஓடும் பூச்சியைக் காணோம். சேற்றில் நெளியும் புழுவைக்கூடக் காணோம். தவளைகள் குடும்பத்தோடு கிளம்பிக் கிழக்குப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. கூட்டில் குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு கத்தின. அவள் ஏரியைச் சுற்றிப் பறந்து கிழக்குத் துறையிலிருந்து ஒரு பூச்சியைக் கொண்டுவந்தாள். பெரிய குஞ்சு அதைப் பறித்து விழுங்கியது. சின்னது கத்திக்கொண்டே இருந்தது.

அப்போது புள்ளிமான் மருதாயி தன் குட்டியோடு தண்ணீருக்கு வந்தாள். குட்டி நடக்க முடியாமல் நடந்து வந்தது.

"வாலாட்டி, என் குட்டிக்கு நேத்திலேர்ந்து வயித்தால போகுதுடி. நிக்கக்கூட மாட்டேங்குது" என்றாள் மருதாயி.

"இந்தத் தண்ணியக் குடுக்காதக்கா. மீனெல்லாம் செத்துக் கெடக்குது பாரு."

"வேற எங்க போறது? கெழக்க போனா அரசர் வாய்க்குள்ளதான் போகணும்."

மருதாயி சொன்னதிலும் நியாயம் இருந்தது. குட்டி நுரையை மூக்கால் விலக்கிவிட்டுக் குடித்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் வாலாட்டி பறந்தாள்.

நேரே செக்கடிக்குப் போனாள். சடையன் அப்போதுதான் வேலை முடித்து, கொஞ்சம் புண்ணாக்கைக் கரைத்துத் தலையில் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தான். உடம்பெல்லாம் நுரை.

"வா தங்கச்சி! எண்ணெய் வேணுமா?" என்றான்.

"எண்ணெய் வேணாண்ணே. புண்ணாக்கத் தண்ணியில கொட்டாதீங்க. மீனெல்லாம் சாகுது. மருதாயியக்கா குட்டிக்கு வயிறு கெட்டுப்போச்சு."

"போன வருஷமும் இதே ஏரிதான், இதே புண்ணாக்குதான். யாருக்கு என்ன ஆச்சு?"

"போன வருஷம் மழை பெஞ்சுது. தண்ணி வழிஞ்சு ஓடிச்சு. இப்ப எங்கண்ணே ஓடுது?"

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும், மழையக் கையப் புடிச்சு இழுத்துட்டு வரட்டுமா?" சடையன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். "எவ்ளோ பெரிய ஏரி! அதுக்கு என் புண்ணாக்கு எம்மாத்திரம்? கெடுதல்னா நான் தலைக்குத் தேய்ப்பனா? சடை எப்படி மினுங்குது பாரு!"

சடை மினுங்கத்தான் செய்தது. ஆனால் வாலாட்டியின் கண் வேறொன்றைப் பார்த்தது. செக்குக்குப் பக்கத்தில் ஒரு சுரைக்குடுக்கை தொங்கிக்கொண்டிருந்தது.

"அது என்னண்ணே?"

"குடிக்கத் தண்ணி. மலைமேல ஏறி ஊத்துக்கண்ணுலேயே புடிச்சிட்டு வருவேன்."

"வாசல்லயே ஏரி இருக்கே?"

சடையன் சிரிப்பை நிறுத்தினான். தலையைச் சொறிந்தான். "ஊத்துத் தண்ணி ருசியே தனி, தங்கச்சி" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக் குளிக்க ஆரம்பித்தான்.

வாலாட்டிக்கு அந்தக் குடுக்கை மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்து எங்கே போவது என்று யோசித்தாள். தண்ணீர் விஷயம் என்றால் தோகைநாதரிடம்தானே போகவேண்டும்!

தோகைநாதர் என்பவர் ஒரு மயில். காட்டின் தண்ணீர் ஆராய்ச்சியாளர் அவர்தான். மாதத்துக்கு ஒரு முறை கிழக்குத் துறையின் பாறைப் படியில் இறங்குவார். ஓர் அலகு தண்ணீர் எடுப்பார். கழுத்தை வளைப்பார், கண்ணை மூடுவார், விழுங்குவார். பிறகு தோகையை ஒரு சிலுப்புச் சிலுப்பி, "ஏரித் தண்ணீர் நன்று!" என்று அறிவிப்பார். காடே கை தட்டும். அன்று போட்ட முடிவு அடுத்த மாதம்வரை செல்லும்.

"தோகைநாதரய்யா, மேற்குத் துறையில தண்ணி கெட்டுப்போச்சு" என்றாள் வாலாட்டி, அவர் காலைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே.

"தவறு பெண்ணே. ஏரித் தண்ணீர் நன்று என்பது ஆராய்ச்சியின் முடிவு."

"ஆராய்ச்சி எங்க பண்ணுனீங்க?"

"கிழக்குத் துறையில்."

"மேற்கால வந்து ஒரு வாய் குடிச்சுப் பாருங்கய்யா."

தோகைநாதர் திரும்பித் தம் தோகையைப் பார்த்தார். ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தார். "அங்கே சேறு உண்டல்லவா?"

"உண்டுங்க."

"பிறகென்ன?" என்றார் தோகைநாதர். "அது மட்டுமன்று. சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 'அரசர் குடிக்கும் துறையின் தண்ணீரே ஏரியின் தண்ணீர்.' அதை மீறி நான் ஆராய்வது முறையாகுமா?"

அப்படி ஒரு சட்டம் இருந்தது உண்மைதான். முன்பு இருந்த புலியரசர் ஊர்சுற்றி. தாகம் எடுத்த இடத்தில் குடிப்பார். இன்று ஒரு கரை, நாளை ஒரு கரை. அவர் குடித்த இடத்தையெல்லாம் பார்த்தால் ஏரி முழுவதையும் பார்த்த மாதிரி. அதற்காகப் போட்ட சட்டம் அது. இப்போதைய அரசருக்குப் பாறைப்படி பழகிவிட்டது. சட்டம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

வாலாட்டி விடவில்லை. மேற்குத் துறைக்குப் பறந்துபோய் ஓர் அலகு தண்ணீர் மொண்டுகொண்டு, வழியில் சிந்தாமல், தும்மல் வந்தும் தும்மாமல், தோகைநாதர் முன்னால் கொண்டுவந்து ஓர் இலையில் விட்டாள்.

"இதையாவது குடிச்சுப் பாருங்கய்யா."

தோகைநாதர் சிரித்தார். "ஓர் அலகுத் தண்ணீரை வைத்துக்கொண்டு ஓர் ஏரியை எடைபோடுவதா? சிறுபிள்ளைத்தனம்!"

அவரும் ஓர் அலகுத் தண்ணீரைத்தான் வைத்து எடைபோடுகிறார் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

அன்று வாலாட்டி கூட்டுக்குத் திரும்பியபோது ஒரு குஞ்சின் குரல்தான் கேட்டது. சின்னது தலையைச் சாய்த்துப் படுத்திருந்தது. அவள் அலகில் இருந்த பூச்சியை அதன் வாயோரம் வைத்தாள். வாய் திறக்கவில்லை. இன்னொரு முறை வைத்தாள். பெரிய குஞ்சு எட்டி அதை எடுத்துத் தின்றது. வாலாட்டி அழுதாள், பிள்ளைகளே. அழும்போதும் அவள் வால் ஆடிக்கொண்டேதான் இருந்தது. அதனால் அவள் அழுகிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

மிச்சம் இருப்பது ஒன்று. அதையாவது காப்பாற்றியாக வேண்டும்.

மறுநாள் அரசவை கூடியது. வாலாட்டி நடுவில் போய் நின்றாள். நின்றாள் என்றா சொன்னேன்? ஓடினாள், வாலாட்டினாள், திரும்ப ஓடினாள்.

"அரசே, மேற்குத் துறைத் தண்ணி வெஷமாகிப் போச்சு. என் குஞ்சு ஒண்ணு போயிடுச்சு. இன்னொண்ணும் போயிடும்போல இருக்கு."

புலியரசர் நல்லவர்தான். ஒரே ஒரு குறை, அவருக்குச் சத்தமும் அசைவும் ஆகாது. இலை விழுந்தால்கூட ஒரு கண்ணைத் திறந்து முறைப்பார். அவர் வாலாட்டியைப் பார்த்தார். அவள் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. அந்த வால்தான் கண்ணில் ஏறியது.

"முதல்ல அந்த வாலை நிறுத்து!"

"நிறுத்த முடியலீங்க அரசே."

"தோகைநாதரே, தண்ணி எப்படி?"

"நன்று, அரசே. சட்டப்படி ஆராய்ந்த முடிவு."

"சடையா, நீ அந்தக் கரையிலதானே இருக்க?"

சடையன் கையைக் கட்டிக்கொண்டு எழுந்தான். "ஒரே ஏரி, ஒரே தண்ணி, அரசே. கெழக்க நல்லா இருந்தா மேற்கயும் நல்லாத்தானே இருக்கும்?"

வாலாட்டி முயலைப் பார்த்தாள். முயலுக்கும் வயிறு சரியில்லை, அவளுக்குத் தெரியும். முயல் தலையைக் குனிந்துகொண்டது. "செக்க நிறுத்திட்டா விளக்குக்கு எங்க போறது?" என்று பக்கத்திலிருந்த கீரியின் காதில் முணுமுணுத்தது. மருதாயி வாயைத் திறந்தாள், அரசரின் பல்லைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள்.

"போ, போ. அவை கலைஞ்சுது" என்றார் அரசர்.

எல்லாரும் போய்விட்டார்கள். வாலாட்டிக்கு மட்டும் போகக் கால் வரவில்லை. அரசர் போன வழியே அவளும் ஓடினாள். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று எதுவும் தெரியாமல்தான் ஓடினாள்.

கிழக்குத் துறையில் ஒரே அமர்க்களமாக இருந்தது. மேற்குக் கரையிலிருந்து தப்பி வந்த தவளைகள் அத்தனையும் அங்கே குவிந்திருந்தன. ஒன்று நிறுத்தினால் இன்னொன்று பிடித்துக்கொண்டது. மீன்கள் பளிச் பளிச்சென்று துள்ளின. தட்டான்கள் அரசரின் மீசையில் உட்கார்ந்து எழுந்தன. அரசர் குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார்.

"சே! நிம்மதியா ஒரு வாய் தண்ணி குடிக்க முடியுதா இங்க?" என்று உறுமினார்.

வாலாட்டிக்குச் சட்டென்று ஒன்று புரிந்தது. சட்டத்தை மாற்ற அவளால் முடியாது. ஆனால் அரசர் குடிக்கும் துறையை மாற்றலாமே!

அவள் அரசரின் மூக்குக்கு நேர் எதிரே இருந்த கல்லில் போய் இறங்கினாள். ஓடினாள், வாலாட்டினாள். இந்த முறை வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் அதிகமாக ஆட்டினாள்.

"நீயுமா!" என்று அரசர் பல்லைக் கடித்தார்.

"மன்னிக்கணும் அரசே. இந்தத் துறையில ஒரே சத்தம். மேற்குத் துறையில இவ்ளோ சத்தம் கெடையாதுங்க."

அரசரின் காது நிமிர்ந்தது. "தவளை?"

"ஒண்ணுகூட இல்லீங்க."

"மீன் துள்ளுமா?"

"துள்ளாதுங்க."

"கொசு, தட்டான்?"

"மருந்துக்கும் கெடையாதுங்க."

"குருவி?"

"நான் ஒருத்திதான். நீங்க வந்தா நானும் வாயத் திறக்க மாட்டேன்."

"இப்படி ஒரு நல்ல இடம் இருக்குனு இத்தன நாளா யாருமே சொல்லலியே!"

"நான் சொன்னேங்க" என்றாள் வாலாட்டி மெல்ல. "நீங்க வாலைத்தான் பாத்தீங்க."

அது அரசர் காதில் விழவில்லை. அதற்குள் ஒரு தவளை ஆரம்பித்துவிட்டது. "நாளையிலேர்ந்து நான் மேற்குத் துறையிலதான் குடிப்பேன். எல்லாருக்கும் சொல்லிடு!" என்று கத்திவிட்டு அவர் குகைக்குப் போனார்.

செய்தி காடெல்லாம் பரவியது. கேட்ட இடத்திலேயே தோகைநாதருக்குத் தோகை தொங்கிப்போயிற்று. அரசர் மேற்கே குடித்தால் ஆராய்ச்சியும் மேற்கேதானே? சட்டமாயிற்றே! சடையனோ செக்கைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுத் துறைக்கு ஓடினான். தென்னோலையைச் சேற்றில் பரப்பினான். இலைக்கொத்தால் நுரையைக் கூட்டிக் கூட்டித் தள்ளினான். தள்ளத் தள்ள நுரை திரும்பி வந்தது. அவன் வேர்த்துக் கொட்ட மறுபடி தள்ளினான்.

"என்னண்ணே, நல்ல தண்ணிதானே? எதுக்கு இவ்ளோ பாடு?" என்று வாலாட்டி கேட்டாள்.

சடையன் நுரையை இன்னும் வேகமாகத் தள்ளினான். அவளைப் பார்க்கவே இல்லை.

விடிந்து வெயில் ஏறியதும் காடு முழுவதும் மேற்குத் துறையில் கூடியது. தோகைநாதர் முன்கூட்டியே வந்து செக்கு மரத்தின்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார், சேறு படாத இடமாகப் பார்த்து. அரசர் ஓலைமேல் நடந்து வந்தார். நின்றார். காதைத் தீட்டினார். ஒரு சத்தமும் இல்லை. காற்றுக்கூட அடங்கிக் கிடந்தது.

"ஆகா!" என்றார் அரசர். "இதல்லவோ இடம்! தோகைநாதரே, தண்ணி எப்படி?"

தோகைநாதர் இருந்த இடத்திலிருந்தே கழுத்தை வளைத்தார், கண்ணை மூடினார், ஒன்றும் இல்லாததை விழுங்கினார். "நன்று, அரசே!"

வாலாட்டிக்குத் திக்கென்றது. தோகைநாதர் குடித்துப் பார்ப்பார், முகம் சுளிப்பார், உண்மை வெளியே வரும் என்றல்லவா அவள் நினைத்திருந்தாள்! அவர் குடிக்கவே இல்லையே. இப்போது அரசர் குனிகிறாரே. குடித்து அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கூட்டி வந்தவள் யார்? கூட்டில் ஒற்றைக் குஞ்சு காத்திருக்கிறது. பேசாமல் இருக்கவா? மருதாயியின் குட்டி குடித்தபோது பார்க்கப் பொறுக்காதவள், இதை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பதா?

அரசரின் நாக்கு தண்ணீரைத் தொட ஒரு விரற்கடைதான் இருந்தது. வாலாட்டியின் வால் நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து நிற்காத வால் அது. அவள் வாயைத் திறந்தாள்.

அவளுக்கு முன்னால் இன்னொரு குரல் கேட்டது.

"அரசே! வேணாம்! குடிக்காதீங்க!"

கத்தியது சடையன்.

மீன்கள் செத்தபோது அவன் செக்கடியில் இருந்தான். மான்குட்டிக்கு வயிறு போனபோது மலைமேல் குடுக்கையை நிரப்பிக்கொண்டிருந்தான். தான் புண்ணாக்குக் கொட்டிய தண்ணீரின்மேல் ஒரு முகம் குனிவதை இன்றுதான் முதன்முதலாகப் பார்த்தான். அவனால் தாங்க முடியவில்லை.

அரசர் தலையை நிமிர்த்தினார். "ஏன்?"

சடையன் நுரையைக் காட்டக் கையை நீட்டினான், பாதியில் இழுத்துக்கொண்டான்.

"ஒரே ஏரி, ஒரே தண்ணினு நீதானே சொன்ன? அப்ப நீ ஒரு வாய் குடி, பாப்போம்."

சடையனின் கை பழக்கத்தில் இடுப்பில் தொங்கிய சுரைக்குடுக்கைக்குப் போயிற்று.

"அது இல்ல. இது" என்றார் அரசர்.

சடையன் நுரையைப் பார்த்தான். அப்படியே சேற்றில் உட்கார்ந்து கையால் முகத்தை மூடிக்கொண்டான். "முடியாது அரசே. எனக்குத் தெரியும். ரொம்ப நாளாத் தெரியும்" என்று விம்மினான்.

அரசர் செக்கு மரத்தை அண்ணாந்து பார்த்தார். "தோகைநாதரே, நீர் குடித்துப் பார்த்தீரா?"

"அரசே, தொண்டை சற்று... கண்ணாலேயே..."

"இறங்கும்."

தோகைநாதர் இறங்கினார். தோகை சேற்றில் புரண்டது. ஓர் அலகு தண்ணீர் எடுத்தார். கழுத்தை வளைத்தார், கண்ணை மூடினார். மூடிய கண்ணில் நீர் வந்தது. எல்லாவற்றையும் துப்பினார்.

"கசக்கிறது, அரசே." அந்தக் காட்டில் அவர் சொன்ன முதல் ஆராய்ச்சி முடிவு அதுதான் என்பேன்.

அப்போது பின்னாலிருந்து மருதாயி முன்னே வந்தாள். "இதத்தான் அரசே நாங்க தெனமும் குடிக்கிறோம். எங்க புள்ளைங்களும் இதத்தான் குடிக்குது."

அரசர் காதைத் தீட்டி அந்தத் துறையின் அமைதியை மறுபடி கேட்டார். கொஞ்சம் முன்னால் அவருக்கு இனித்த அமைதி அது. இப்போது அவர் முதுகு மயிர் சிலிர்த்தது.

"இங்க இருந்த தவளையெல்லாம் எங்க?" என்று கேட்டார்.

"உங்க துறையில, அரசே" என்றாள் வாலாட்டி. "உயிரோட தப்பிச்சதெல்லாம் அங்கதான் இருக்கு."

அரசர் தாகத்தோடு திரும்பினார். திரும்பும்முன் சொல்ல வேண்டியதைச் சொன்னார். மழை வந்து ஏரி வழியும்வரை எல்லாரும் கிழக்குத் துறையில் குடிக்கலாம், அவர் எதிரே நின்றாலும் பயப்பட வேண்டாம். செக்கு ஓடட்டும், விளக்கு எரியட்டும். ஆனால் ஒரு பிடி புண்ணாக்குக்கூடத் தண்ணீரில் விழக்கூடாது. தோகைநாதர் இனிமேல் அரசர் குடிக்கும் துறையில் ஆராய வேண்டாம். யார் யார் எங்கெங்கே குடிக்கிறார்களோ அங்கெல்லாம் போய்க் குடித்துப் பார்க்கட்டும்.

அன்றே சடையன் மேட்டில் குழி வெட்டினான். புண்ணாக்கையெல்லாம் அதில் கொட்டி மண் போட்டு மக்கவிட்டான். பிறகு அதைத் தன் இலுப்பைக் கன்றுகளுக்கு எருவாகப் போட்டான். போகும்போதும் வரும்போதும் மலையூற்றுத் தண்ணீரைக் குடுக்கையில் கொண்டுவந்து மருதாயி குட்டிக்குக் கொடுத்தான். குட்டி முதலில் அவனைக் கண்டு பயந்தது. பிறகு குடுக்கையைக் கண்டாலே ஓடி வந்தது.

ஆடி முடியும்போது மழை கொட்டியது. ஏரி நிறைந்து, மடை திறந்து, நுரையையெல்லாம் வாரிக்கொண்டு ஓடியது. சேற்றில் புழு நெளிந்தது. தட்டான் வந்தது. தவளைகள் ஒவ்வொன்றாக வீடு திரும்பின. தோகைநாதர் சேறு அப்பிய தோகையோடு கரை கரையாக நடந்தார். அவரைப் பார்த்துக் குஞ்சு குளுவான்களெல்லாம் சிரித்தன. அவர் கண்டுகொள்ளவில்லை, குடித்துப் பார்ப்பதிலேயே குறியாக இருந்தார்.

ஒருநாள் புலியரசர் மேற்குத் துறைக்கு வந்தார். தவளைக் கூச்சல் காதைப் பிளந்தது. மீன் துள்ளி அவர் முகத்தில் தண்ணீரைத் தெளித்தது. எதிரே கல்லில் வாலாட்டி நாலடி ஓடி வாலை ஆட்டினாள். அவள் பின்னால் புதிதாக முளைத்த குட்டி வால் ஒன்றும் ஆடியது.

"இன்னொண்ணா!" என்று உறுமினார் அரசர்.

உறுமிவிட்டுக் குனிந்தார். வயிறு நிறையக் குடித்தார்.

நீதி: தான் வாய்வைக்கத் துணியாத தண்ணீரை நல்ல தண்ணீர் என்று பிறருக்குச் சொல்லக் கூடாது.